நோய்க்குப் பெயர் சூட்டும் உரிமை யாருக்கு?





சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ராயகிரியில் ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில் ஒரு சகோதரர் நம்மை ஓரமாக அழைத்தார். கைபேசியில் தமக்கு வந்திருந்த ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். "மனநோய் என்பதே மேற்கத்தியர் கட்டிய கதை. எந்த இரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. அந்த நாட்டு உளவியலாளர்களே அதை நம்புவதில்லை. பிறகு நம் பிள்ளைகளுக்கு ஏன் மாத்திரை?" என்று யாரோ ஒருவர் ஆவேசமாகப் பேசியிருந்தார்.

"ஹஜ்ரத், அவங்களே நம்பலையாமே! அதான் பையனுக்கு மாத்திரையை நிறுத்திட்டேன். இன்னியோட ஒன்பது நாளாச்சு" என்றார் அந்தத் தந்தை.

அந்தப் பையன் நம்மிடம் குர்ஆன் ஓதியவன். இன்று இருபத்திரண்டு வயது இளைஞன். யாருமில்லாத அறையில் தன்னை ஏசும் குரல்கள் கேட்பதாகச் சொன்னவன். ஒன்றரை ஆண்டுகாலச் சிகிச்சையில் குரல்கள் அடங்கி, கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். முகமறியாத ஒருவரின் நான்கு நிமிடப் பேச்சு அந்த ஒன்றரை ஆண்டு உழைப்பைக் குலைக்க முற்பட்டது. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒலிப்பதிவு முழுப் பொய் அன்று. அது பாதி உண்மை. முழுப் பொய்யைக் காட்டிலும் பாதி உண்மையே அதிகம் கெடுக்கும்.

உளவியலாளர்கள் உண்மையில் சொன்னது என்ன?

மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முன்னவர் மருத்துவம் படித்து மருந்து எழுதுபவர். பின்னவர் மனத்தின் இயல்பைப் படித்து, பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவர். மனநோய்களை வகைப்படுத்திப் பெயரிட உலகில் இரண்டு பெரும் ஏடுகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் டி.எஸ்.எம். மற்றொன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. அதன் பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்த ஏடுகளைப் பற்றி உளவியலாளர்களிடம் நீண்ட காலமாகவே மனக்குறை உண்டு. டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு தயாராகிக் கொண்டிருந்த 2011ஆம் ஆண்டில், அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் ஒரு பிரிவினர் அதற்கு எதிராக ஒரு திறந்த மடல் வெளியிட்டனர். ஆயிரக்கணக்கானோர் அதில் ஒப்பமிட்டனர். 2013ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் உளவியல் கழகத்தின் மருத்துவ உளவியல் பிரிவு, மனத்துயரை நோய்ப்பெயர்களுக்குள் அடைக்கும் போக்கிலிருந்து விலகி வேறு பாதை காணவேண்டும் என்று அறிக்கை விட்டது. அவ்வளவு ஏன், டி.எஸ்.எம். நான்காம் பதிப்பை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த மனநல மருத்துவர் ஆலன் பிரான்சிஸ் அவர்களே ஐந்தாம் பதிப்பைக் கடுமையாகச் சாடினார். இயல்பான மனிதர்களையும் நோயாளிகளாக்கிவிடும் என்பது அவர் அச்சம்.

அதே 2013ஆம் ஆண்டில் இன்னொன்றும் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச உளவியல் அறிவியல் ஒன்றியமும் இணைந்து 23 நாடுகளைச் சேர்ந்த 2155 உளவியலாளர்களிடம் கருத்துக் கேட்ட ஆய்வின் முடிவு அது. அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேர் ஏதேனும் ஒரு வகைப்பாட்டு ஏட்டை வழக்கமாகப் பயன்படுத்துவதாகக் கூறினர். இது எதற்காக என்று கேட்டதற்கு, சிகிச்சையை முடிவுசெய்யவும் ஒருவரோடொருவர் தகவல் பரிமாறிக்கொள்ளவுமே என்றனர். இறுக்கமான விதிப்பட்டியல் வேண்டாம், நெகிழ்வான வழிகாட்டுதல் போதும் என்றனர். அமெரிக்கா, ஐரோப்பா தவிர்த்த நாடுகளில் கணிசமானோர், இந்த ஏடுகள் தம் மக்களின் பண்பாட்டுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்றும் குறை கூறினர்.

இவர்களுள் எவரும் "மனநோய் என ஒன்றில்லை, மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்று சொல்லவில்லை. அவர்களின் குறைகளைத் திரட்டினால் மூன்றே கேள்விகளில் அடங்கும். இந்தப் பெயருக்கும் அந்தப் பெயருக்கும் இடையிலான எல்லை தெளிவாக உள்ளதா? பெயரைச் சூட்டியபின் அந்த மனிதரின் கதையைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோமா? ஓர் ஊரின் அளவுகோலைக் கொண்டு வேற்றூர் மனிதரை அளக்கிறோமா? துன்பம் பொய் என்று சொல்ல எழுந்த கேள்விகள் அல்ல இவை. துன்பத்தை இன்னும் கவனமாகக் கேளுங்கள் என்று சொல்ல எழுந்தவை.

அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டா?

நிச்சயமாக உண்டு. ஓர் உதாரணம் போதும். நெருங்கியவரை இழந்து இரண்டு மாதங்கள் ஆகாதவருக்குப் பொதுவாக மனச்சோர்வு நோய் என்று பெயரிடலாகாது என ஒரு விதிவிலக்கு டி.எஸ்.எம். நான்காம் பதிப்பில் இருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை நீக்கிவிட்டது. பின்னர் நீடித்த துக்கத்துக்கே தனி நோய்ப்பெயர் வந்தது. டி.எஸ்.எம். கணக்கில் அதற்கு ஓராண்டு கடந்திருக்க வேண்டும், ஐ.சி.டி. கணக்கில் ஆறு மாதம்.

கணவனை இழந்த பெண்ணுக்கு நம் மார்க்கம் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா விதித்திருக்கிறது. இத்தா முடிந்த மறுநாள் அவள் கண்ணீரும் முடிந்துவிட வேண்டுமென்று எந்த ஆலிமும் சொன்னதில்லை. வெளி அடையாளங்களுக்கு மார்க்கம் எல்லை வகுத்தது. நெஞ்சுக்குள் இருக்கும் பிரிவுக்கு நாள் குறிக்கவில்லை. அன்னை கதீஜா (ரலி) மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், அவர்களின் சகோதரி ஹாலா (ரலி) வாசலில் நின்று அனுமதி கேட்ட குரலில் அன்னையின் சாயலை உணர்ந்து நபி (ஸல்) அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரில் கண்பார்வையே மங்கினார்கள். அந்தத் துயரை ஈமானின் குறை என்று குர்ஆன் பழிக்கவில்லை. ஆகவே, "ஆறு மாதமாகியும் அழுகிறாளா? நோய்!" என்று அவசரப்படும் கையை உளவியலாளர் பிடித்து நிறுத்தினால், நாம் அவரோடு நிற்கிறோம்.

எனினும் நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும். அந்தத் துக்கம் அவரவர் சமூகத்தின், பண்பாட்டின், சமயத்தின் வழக்கத்தை வெளிப்படையாக மீறியிருந்தால்தான் அதை நோயாகக் கருத வேண்டும் என்று ஐ.சி.டி. தானே நிபந்தனை இட்டிருக்கிறது. கேட்டவர்களின் குறை ஏட்டுக்குள் ஏறியிருக்கிறது. ஆட்சேபம் எழுகிறது, ஏடு திருத்தப்படுகிறது.

நம் முன்னோர்களும் இவ்வழியில் நடந்தவர்களே. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ உடல் நலத்துக்கும் உள்ள நலத்துக்குமாகச் சேர்த்து ஒரு நூல் எழுதினார். அதில் துயரை இரண்டாகப் பிரித்தார். இழப்பு போன்ற அறிந்த காரணத்தால் வரும் துயர் ஒன்று. காரணமே தெரியாமல் வந்து கவியும் துயர் மற்றொன்று. முன்னதற்குப் பேச்சும் சிந்தனையும் மருந்து. பின்னதற்கு உடலையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் வகைப்படுத்தலுக்கு அஞ்சவில்லை. வகைப்படுத்தும் முன் காரணத்தை விசாரித்தார்.

இப்போது நம் ஏட்டைத் திறப்போம்

உளவியலாளர்கள் தம் ஏட்டைக் குறை கூறியதும் நம்மில் பலருக்கு எவ்வளவு மகிழ்ச்சி! சகோதரர்களே, நம்மிடமும் ஓர் ஏடு இருக்கிறதே, அதை மறந்துவிட்டோமா? அது அச்சிடப்படாத ஏடு. அதில் ஐந்தே பெயர்கள்: ஜின் பிடித்திருக்கிறது, சூனியம் வைத்துவிட்டார்கள், கண்ணேறு பட்டுவிட்டது, ஈமான் பலவீனம், இவையெல்லாம் ஓய்ந்தபின் கடைசியாக, பைத்தியம்.

உளவியலாளர்கள் தம் ஏட்டை நோக்கிக் கேட்ட மூன்று கேள்விகளையும் இந்த ஏட்டிடம் கேட்டுப் பாருங்கள். ஜின்னுக்கும் சூனியத்துக்கும் இடையில் எல்லை எங்கே? ஒரே பிள்ளையை மூன்று பேரிடம் காட்டினால் மூன்று பெயர் சொல்கிறார்களே! பெயர் சொன்னபின் அந்தப் பெண்ணின் கதையை யாராவது கேட்டோமா? மாமியார் வீட்டில் அவள் பட்ட பாட்டை, பிரசவத்துக்குப்பின் அவள் தூங்காத இரவுகளை எவரேனும் விசாரித்தோமா? நம் ஏடு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது? தவறாகப் பெயர் சூட்டியதற்காக நம்மில் எவராவது ஒரு திறந்த மடலாவது எழுதியதுண்டா?

அவர்கள் ஏட்டில் பத்துக் குறை உண்டு. அவற்றை அவர்களே சொல்லக் கேட்டு நாம் அறிந்தோம். நம் ஏட்டின் குறையைச் சொல்ல யாருமில்லை. ஆகவே, அவர்களின் விமர்சனத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்பவர் மீது அந்த விமர்சனம் முதலில் பாயும். அதை நாம் தாங்கத்தான் வேண்டும்.

"அப்படியானால் ஜின்னை மறுக்கிறீர்களா?" என்று சிலர் சினப்படலாம். அல்லாஹ் பாதுகாப்பானாக! ஜின் இனம் உண்டு என்பது குர்ஆன் சொல்லும் உண்மை. அதை நம்புவது ஈமான். ஆனால் "இந்தத் தெருவில், இந்த வீட்டில், இந்தப் பிள்ளைக்குள் ஜின் இருக்கிறது" என்பது ஈமான் அன்று. அது ஒரு நோய்க்கணிப்பு. ஒரு நோயைக் கணித்துச் சொல்பவரிடம் ஆதாரம் கேட்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்பதும் அதே குர்ஆனின் போதனைதான். மறைவானவற்றை நம்புவது வேறு. மறைவானவற்றைத் தாம் அறிந்ததாகச் சொல்லிக்கொண்டு தாயத்துக்கு விலை பேசுவது வேறு.

நம் குற்றத்தையும் எழுதிவிடுகிறோம். மேலே சொன்ன அந்தப் பையனை, முதன்முதலில் குரல்கள் கேட்டபோது, அவன் தாய் நம்மிடம்தான் அழைத்து வந்தார். நாம் ஓதி ஊதினோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். அதில் பிழையில்லை, அது துஆ. பிழை வேறிடத்தில் நடந்தது. "தொழுகையில் கவனம் குறைந்தால் ஷைத்தான் இப்படித்தான் விளையாடுவான்" என்று அவன் முன்பாகவே சொன்னோம். அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்ன கேட்கிறது, எப்போது கேட்கிறது, எத்தனை நாள் தூங்கவில்லை என்று ஒன்றையும் விசாரிக்கவில்லை. அதன்பின் அவன் ஏழு மாதங்கள் வாயே திறக்கவில்லை. குரல்கள் நிற்கவில்லை, சொல்வதைத்தான் நிறுத்திவிட்டான். ஈமான் இல்லாதவன் என்ற பெயரைத் தன் உஸ்தாதிடமிருந்தே பெற்றவன் வேறு யாரிடம் போய்ச் சொல்வான்? மாத்திரையை நிறுத்திய தந்தையைக் கண்டிக்க நமக்கு என்ன தகுதி என்று அன்று வீடு திரும்பும்போது நம்மை நாமே கேட்டுக்கொண்டோம்.

நபிவழியில் விசாரணையே முதலில்

ஒருவர் தாமே முன்வந்து பெருங்குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவசரப்படவில்லை. அவருக்குச் சித்தக் குறை ஏதும் உண்டா என்று அவரிடமும் அவர் கூட்டத்தாரிடமும் கேட்டறிந்தார்கள். வலிப்பு நோயால் அவதிப்பட்ட ஒரு பெண்மணி வந்து முறையிட்டபோது அவரைப் பழிக்கவில்லை, ஈமானைச் சந்தேகிக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டார்கள். எது வேண்டுமென்று அவரையே தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். வலிப்பின்போது ஆடை விலகிவிடுகிறதே என்ற அவரின் கவலைக்காகத் துஆ செய்தார்கள். ஒவ்வொரு நோய்க்கும் மருந்து இறக்கப்பட்டிருக்கிறது, சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று ஏவியதும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம்.

நம் ஃபிக்ஹு நூல்கள் சித்தப் பிறழ்வைத் தொடர்ந்து நீடிப்பது, வந்து வந்து தெளிவது என்று பிரிக்கின்றன. அறிவு மழுங்கியவரை வேறாக வைக்கின்றன. தெளிவுள்ள வேளையில் அவர் செய்த கொடுக்கல் வாங்கல் செல்லும் என்கின்றன. அங்கே பெயர் ஒரு மனிதரை ஒதுக்குவதற்கு வைக்கப்படவில்லை. எந்தக் கடமை அவர்மீது இல்லை, எந்த உரிமை அவருக்கு உண்டு என்று தீர்மானிக்கவே வைக்கப்பட்டது. மறுபுறம், பெயரை ஆயுதமாக்கியவர்கள் யார்? அல்லாஹ்வின் தூதரையே 'மஜ்னூன்' என்றவர்கள் மக்கத்துக் குறைஷியர். பதில் சொல்ல வழியற்றவர்கள் பட்டம் சூட்டினார்கள். குர்ஆன் அதை மறுத்து இறங்கியது. அந்த ஆயத்துகளை ஓதும் சமுதாயம் "பைத்தியம்" என்ற சொல்லை இவ்வளவு எளிதாக எறியலாமா?

ஏர்வாடியை மறக்கலாகாது

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை. நம் நெல்லைச் சீமை ஏர்வாடி அன்று. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. அங்கே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்வழக்கைக் கையில் எடுத்தது.

தர்காவுக்குப் போவது கூடுமா கூடாதா என்ற வாதத்தை இங்கே நாம் எழுப்பவில்லை. அது வேறு மேடை. நாம் கேட்பது இதுதான்: அந்தச் சங்கிலியில் கிடந்தவர்களுக்கு எந்த ஏடு பெயர் சூட்டியது? டி.எஸ்.எம்.மா, ஐ.சி.டி.யா? குடும்பமும் ஊரும் சூட்டிய பெயருடன் எத்தனை பேர் அங்கே கொண்டுவந்து விடப்பட்டார்கள்? அந்தப் பெயரோடு அவர்களின் கதையும் முடிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. பெயர் சூட்டிவிட்டுக் கேட்பதை நிறுத்தினால் அதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஏர்வாடிக்கு மேல் சாட்சி வேண்டுமா?

துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விரட்ட வேண்டியதில்லை. குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில், வேண்டுதலுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்கச் செய்யும் 'தவா-துஆ' திட்டம் பல ஆண்டுகளாக நடந்திருக்கிறது. ஓதுபவரே நோயாளியை மருத்துவரிடம் அனுப்புகிறார். அவர் கண்ணியம் அதனால் குறைந்துவிடவில்லை.

பிறகு பெயர் எதற்கு?

நிலத்துக்குச் சர்வே எண் இருப்பதைப் போன்றது நோய்ப்பெயர். சர்வே எண்ணே நிலம் ஆகாது. அதில் மண்ணின் ஈரமும் விளைச்சலும் தெரியாது. எல்லையில் பிழையிருந்தால் மறு அளவை கேட்கலாம். ஆனால் எண்ணே வேண்டாம் என்று கிழித்தெறிந்தவருக்குப் பட்டாவும் இல்லை, கடனும் இல்லை, வழக்காட வழியும் இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயைத் தீர்மானிக்க ஐ.சி.டி. உள்ளிட்ட ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களையே பின்பற்றச் சொல்கிறது. அதே பிரிவில் எச்சரிக்கையும் இருக்கிறது: ஒருவரின் மதம், பண்பாடு, பொருளாதார நிலை ஆகியவற்றைக் கொண்டு அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது, தன் சமூகத்தின் வழக்கத்துக்கு ஒத்துப்போகாததையும் காரணமாக்கக் கூடாது, முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இப்போதைய நோய்க்குச் சான்றாகாது. சங்கிலியிடுவதையும் அச்சட்டம் தடைசெய்கிறது. பெயர் பயன்படவும் வேண்டும், பெயரால் அநீதி நேரவும் கூடாது என்று சட்டம் கருதுகிறது. ஊனமுற்றோர் சான்றிதழ் கேட்டுப் போனாலும், வேற்றூர் மருத்துவரிடம் சீட்டைக் காட்டினாலும் முதலில் கேட்கப்படுவது அந்தப் பெயரே.

மருத்துவர்களிடமும் உளவியலாளர்களிடமும் நமக்கு ஒரு முறையீடு உண்டு. உங்கள் வரிசை நீளமானது என்பதை அறிவோம். ஆயினும், சிவகிரியிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் பேருந்தேறி வரும் ஒரு தாய் "மனச்சோர்வு" என்று சொல்ல மாட்டார். "நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு, எதுலயும் மனசு ஒட்டல" என்பார். அந்தச் சொற்களை முழுதும் கேட்டபின் சீட்டில் பெயர் எழுதுங்கள். எழுதிய பெயரை அவருக்குப் புரியும் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். விளக்கம் பெறாதவர்தாம் ஒலிப்பதிவை நம்புகிறார்.

நம் சமுதாயத்திடம் வேண்டுவது

மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோய்ப்பெயரில் ஐயமிருந்தால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். அது உங்கள் உரிமை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை கிடைக்கிறது. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து அது செயல்படுகிறது. ஓதிப் பார்க்கும் ஆலிம்களே, ஓதுங்கள், ஓதிய கையோடு "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்றும் கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, ஒரு குடும்பத்தில் ஒருவர் சிகிச்சை பெறுகிறார் என்பதற்காக அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் நிக்காஹ் பேச்சைக் கலைப்பவர்களைத் தட்டிக் கேளுங்கள்.

அந்த ஒலிப்பதிவை அனுப்பியவர் நம் கட்டுரையைப் படிக்க நேர்ந்தால் அவருக்கும் ஒரு சொல். உளவியலாளர்கள் தம் ஏட்டைச் சந்தேகித்தது நோயாளியின் மீது கொண்ட அக்கறையால். நீங்கள் அவர்களின் சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கறையை விட்டுவிட்டீர்கள்.

அந்தத் தந்தையிடம் அன்று மாலையே போனோம். வாதிடவில்லை. அவர் மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு, அன்று கேட்கத் தவறிய கேள்விகளைக் கேட்டோம். நீண்ட நேரம் பேசினான். நிறுத்திய நான்காம் நாளே குரல்கள் திரும்பிவிட்டன என்றும், அத்தா மனம் நோகுமே என்று சொல்லவில்லை என்றும் சொன்னான். கதவருகில் நின்று அதைக் கேட்ட தந்தை, மறுநாள் காலை முதல் பேருந்தில் அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். முற்றிலும் குணமாகிவிட்டான் என்று எழுத மாட்டோம். சிகிச்சை தொடர்கிறது, துஆவும் தொடர்கிறது.

பெயர் சூட்டும் முன் கேட்கும் செவியை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நோயுற்ற நம் மக்களுக்கு முழுமையான ஷிஃபாவை அளிப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.